மதிப்பெண்ணுக்கா? மக்கள் செவிக்கா?

மக்கள் தொடர்பியலும் இதழியலும் பயிற்றும் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும், மாணவர் தாமே ஒரு வானொலி நிகழ்ச்சியை உருவாக்கிக் காட்டுதல் தேர்வின் ஒரு கூறாக உள்ளது. நால்வரோ ஐவரோ ஒரு குழுவாகச் சேர்வர். ஒருவர் உரைப்படி எழுதுவார், ஒருவர் அறிவிப்பாளராவார், ஒருவர் நேர்காணலுக்குச் செல்வார், எஞ்சியோர் ஒலிப்பதிவையும் தொகுப்பையும் பார்த்துக்கொள்வர். அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்று உருவாகும். மதிப்பீட்டாளர் அதனை ஒருமுறை கேட்பார். பட்டியலில் மதிப்பெண் இடுவார். அத்துடன் அந்நிகழ்ச்சியின் வாழ்நாள் முடிந்தது என்றே மாணவர் கருதுகின்றனர். ஆசிரியருட் பலரும் அவ்வாறே கருதுகின்றனர்.

இக்கருத்து அடிப்படையிலேயே பிழையானது. வகுப்பறையில் எழுதும் விடைத்தாளை மதிப்பீட்டாளர் ஒருவரே படிக்கின்றார். அதிற் பிழையிருப்பின் மாணவனுக்கு மட்டுமே இழப்பு. வானொலி நிகழ்ச்சி அத்தகையதன்று. பல்கலைக்கழக வளாகத்து வானொலியில் அது ஒலிபரப்பாகுமாயின், மதிலைக் கடந்து, தெருவைக் கடந்து, சமையற்கட்டிலும் தையற்கடையிலும் தானியின் முன்னிருக்கையிலும் சென்று ஒலிக்கின்றது. அங்கே கேட்பவர் எவரும் மதிப்பெண் பட்டியல் வைத்திருக்கவில்லை. ஆயினும் உண்மையான மதிப்பீட்டாளர் அவரே. இதனை மறந்து அணியப்படுத்தப்படும் நிகழ்ச்சி, 100க்கு 100 பெற்றாலும் தோற்ற நிகழ்ச்சியே.

இவ்வாறு சொல்வது வெறும் அறவுரையன்று. இதற்குச் சட்ட வரலாறு உண்டு. வானலை எவருடைய தனியுடைமையும் அன்று, அது பொதுமக்களின் உடைமை என்று 1995 பிப்பிரவரித் திங்களில் இந்திய உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே அரசின் கையிலும் பெருமுதலாளிகளின் கையிலும் மட்டுமன்றி, மக்கள் கையிலும் வானொலி இருத்தல் வேண்டும் என்ற குரல் வலுப்பெற்றது. 2002 திசம்பரில் நன்னிலையிலுள்ள கல்வி நிறுவனங்கள் குமுகாய வானொலி நடத்த நடுவணரசு இசைவளித்தது. 2004 பிப்பிரவரி 1ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 90.4 மெகா எர்ட்சு அலைவரிசையில் ஒலிக்கத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் வளாகக் குமுகாய வானொலி என்னும் சிறப்பு அதற்கு உண்டு. அச்சிறப்புத் தமிழ்நாட்டிற்கு வாய்த்தது தமிழர் பெருமைகொள்ளத் தக்கதே. 2006 நவம்பரில் தொண்டு அமைப்புகளுக்கும் அவ்வுரிமை விரிவாக்கப்பட்டது.

அவ்விசைவு வெறுமனே கொடுக்கப்படவில்லை, கட்டுப்பாடுகளோடு கொடுக்கப்பட்டது. பொதுவாக 100 வாட்டு ஆற்றலுக்கு மேற்படாத சிற்றலைபரப்பியே வைத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சிகளுள் பாதியேனும் அவ்வட்டார மக்களின் பங்கேற்போடு உருவாதல் வேண்டும். நிகழ்ச்சிகள் இயன்றவரை அவ்வட்டார மொழியிலும் வழக்கிலும் அமைதல் வேண்டும். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று திங்கள் காத்து வைத்தல் வேண்டும். இவை 2006ஆம் ஆண்டு நெறிமுறையில் உள்ளவை. ஆகவே, வட்டார மக்களுக்காக, வட்டார மக்களோடு, வட்டார மக்களின் மொழியில் என்னும் மூன்றும் எவரோ சில மொழிப்பற்றாளர் கேட்கும் சலுகைகள் அல்ல. அவ்வலைவரிசை கிடைத்ததற்கு ஈடாக ஒப்புக்கொண்ட கடமைகள் அவை. அக்கடமையை மதிப்பெண் பட்டியல் கண்டுகொள்ளாதிருப்பதுதான் இன்றைய குறை.

இனி, மாணவர் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் எவ்வாறு தொடங்குகின்றன என்று பார்க்கலாம். மழைநீர் சேமிப்பைப் பற்றிய நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோர்க்கு, “ஹாய் ஃப்ரெண்ட்ஸ்! இன்னைக்கு நம்ம ஷோவுல ரெயின் வாட்டர் ஹார்வெஸ்டிங் பத்தி ஒரு சூப்பர் டிஸ்கஷன் பண்ணப் போறோம். ஸோ, மிஸ் பண்ணாம லிசன் பண்ணுங்க!” என்னும் வகையிலான தொடக்கம் புதிதாகத் தோன்றாது. இவ்வொரு கூற்றில் ஆங்கிலச் சொற்கள் 11. தமிழுக்கு எஞ்சியவை 8. அவற்றுள்ளும் 3 ‘பண்ணு’ என்னும் ஒரே வினையின் வடிவங்கள். தமிழ்வினைகள் அனைத்தும் செத்துப் ‘பண்ணு’ ஒன்றே பிழைத்தது போலும்! பேசும் மாணவனுக்கு ஆங்கிலமும் முழுமையாக வரவில்லை. தமிழும் முழுமையாக வரவில்லை. இரண்டின் உடைந்த துண்டுகளையும் ஒட்டவைத்து, அதற்கு ‘இளமைத் துள்ளல்’ என்று பெயரும் சூட்டிவிடுகின்றனர்.

இதைவிடக் கொடிய குறை ஒன்றுண்டு. அத்தொடக்கத்தில் செய்தி என்று ஒன்றுமே இல்லை. வானொலி அணைக்கப்படுவதற்கு ஒரு நொடி போதும். அந்நொடியில் கேட்பவரைப் பிணிக்கத்தக்க எதுவும் அதில் இல்லை. அதே நிகழ்ச்சி, “வணக்கம். சென்ற கோடையில் உங்கள் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் இருந்தது? இந்த மழையில் உங்கள் கூரைமேல் விழுந்த தண்ணீர் எங்கே போயிற்று?” என்று தொடங்குமாயின் என்ன நிகழும்? கேட்பவர் தம் கிணற்றை எண்ணுவார். தம் கூரையை எண்ணுவார். இதில் அருஞ்சொல் ஒன்றும் இல்லை, அயற்சொல்லும் இல்லை. நல்ல தமிழே நல்ல வானொலி நடையும் ஆகும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

கண்ணுக்கு எழுதுவது வேறு. செவிக்கு எழுதுவது வேறு. நூலைப் படிப்பவன் பொருள் விளங்காவிடின் திரும்பிப் படிக்கலாம், அகரமுதலியைப் புரட்டலாம். வானொலி கேட்பவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. சொல் காற்றில் வந்து காற்றிலேயே கரைகின்றது. ஆதலின் வானொலி உரைப்படியில் ஒரு சொற்றொடர்க்கு ஒரு கருத்தே இருத்தல் வேண்டும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே பத்துச் சொற்களை அடுக்குதல் ஆகாது. ‘முன்னது’, ‘பின்னது’, ‘மேற்கூறிய’ என்னும் சுட்டுகள் தாளில் பொருந்தும், செவியில் பொருந்தா. செவிக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. எழுதி முடித்த உரைப்படியை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றொருவர் தாளைப் பாராது கேட்டல் வேண்டும். கேட்டவர் எங்கே நெற்றியைச் சுருக்குகின்றாரோ அங்கே திருத்துதல் வேண்டும். இச்சிறு பழக்கம் எத்துணை விலையுயர்ந்த ஒலிவாங்கியினும் மிகுந்த பயன் தரும்.

எண்களைக் கூறுவதற்கும் இதுவே நெறி. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 1 இலிட்டர் நீர். 100 சதுர மீட்டர்க் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1000 இலிட்டர். பாடநூலில் இது போதும். வானொலியிலோ, “ஒரு நல்ல மழையில் உங்கள் மாடிமேல் விழும் தண்ணீரைக் குடத்தில் பிடித்தால் 66 குடம் நிரம்பும்” என்று சொல்லுதல் வேண்டும். 15 இலிட்டர் குடத்தால் அளந்த கணக்கு அது. குழாயடியில் நாள்தோறும் நிற்கும் தாய்க்கு 1000 இலிட்டர் என்பது வெறும் எண். 66 குடம் என்பது அவள் இடுப்பு அறிந்த சுமை. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேமிப்பு அமைப்புக் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் குழியில் எதனை மேலிட வேண்டும், எதனைக் கீழிட வேண்டும், எப்போது தூர் நீக்க வேண்டும் என்பதைச் சட்டம் ஒவ்வொரு வீட்டிலும் நின்று சொல்லாது. வானொலி சொல்லும், அதுவும் விளங்கும் மொழியில் பேசினாற் சொல்லும்.

உரைப்படிக்கும் முற்பட்டது தலைப்பு. மாணவர் குழுக்கள் பெரும்பாலும் தலைப்பைத் தேடுமிடம் திரைப்படமாகவோ கைப்பேசியாகவோ இருக்கின்றது. திரைப்பாடல் நான்கு, அவற்றிற்கிடையே சில சிரிப்புரைகள், இறுதியில் ஒரு நன்றி என்று அரைமணியும் கழிகின்றது. வணிகப் பண்பலை வானொலிகள் இதனை நாள்முழுதும் செய்கின்றன. அதனையே மாணவரும் செய்வதற்கு ஒரு பல்கலைக்கழகமும், ஒரு தனி அலைவரிசையும், ஒரு தேர்வும் எதற்கு? அலைபரப்பி எட்டும் எல்லைக்குள் யார் வாழ்கின்றனர், அவர்க்கு என்ன சிக்கல், அதை யாரிடம் கேட்டறியலாம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தேடி ஒருநாளேனும் தெருவில் நடந்த குழுவுக்கே தலைப்புக் கிட்டும்.

அவ்வாறு நடந்தவர்க்கு மற்றொரு பேறும் கிட்டும். அது மொழிப்பேறு. கடற்கரைக்குச் சென்று மீனவர் ஒருவரைக் காற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் சொல்வார். பட்டம் பெறவிருக்கும் மாணவனுக்கோ எல்லாம் ‘விண்ட்’. ஏரிப்பாசன ஊரில் உழவரைக் கேட்டால் மடை, மதகு, கலிங்கு, வாய்க்கால், வரப்பு என்று நீர் செல்லும் வழியெல்லாம் தமிழாகவே சொல்வார். கட்டுமரம் என்னும் சொல்லை உலக மொழிகள் தமிழிலிருந்து கடன்வாங்கிப் போற்றுகின்றன. அக்கட்டுமரத்தில் பிழைத்தவரை நேர்காணும் மாணவனோ, “ஃபிஷிங் எப்படிப் போகுது?” என்று கேட்கின்றான். கல்லாதவர் எனப்படுவோர் வாயில் தமிழ் வாழ்கின்றது. கற்றவர் எனப்படுவோர் வாயில் அது தேய்கின்றது. ஒலிவாங்கி யாரிடமிருந்து யாருக்குச் செல்ல வேண்டும் என்பதை இதனாலேயே உணரலாம்.

நேர்காணலிற் செய்யத்தகாத ஒன்றையும் ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். சிற்றூர் முதியவளின் பேச்சைப் பதிவு செய்துவந்து, தொகுக்கும்போது அவள் வழக்குச் சொற்களைப் ‘பிழை’ என்று வெட்டிவிடும் போக்குச் சில குழுக்களிடம் உள்ளது. தூயதமிழ் வேண்டும் என்னும் நல்லெண்ணத்தாற் கூட இது நேர்வதுண்டு. இது தவறு. அறிவிப்பாளர் உரை எளிய செந்தமிழில் இருத்தல் வேண்டும். ஊரார் பேச்சு அவர்தம் வாய்மொழியிலேயே இருத்தல் வேண்டும். வட்டார வழக்கு வேறு, கலப்புமொழி வேறு. முன்னது தாய்மொழியின் கிளை. பின்னது அதன்மேற் படர்ந்த புல்லுருவி. கிளையை வெட்டிப் புல்லுருவியை வளர்ப்பவன் தோட்டக்காரன் ஆகான். மேலும், பேசியவரின் கருத்து மாறும்படி அவர் பேச்சைத் துண்டாடி ஒட்டுதல் மொழிக்குற்றத்தினும் பெரிய அறக்குற்றம்.

அடுத்தது பலுக்கல். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். எழுத்தொலி எங்கிருந்து எழுந்து, எவ்வுறுப்பிற் பட்டுப் பிறக்கின்றது என்பதை ஒன்றொன்றாக வகுத்துரைக்கும் இயல் அது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு உறுப்புகளையும் அது கணக்கிற் கொள்கின்றது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்னும் கால அளவையும் தமிழ் இலக்கணம் வரையறுத்துள்ளது. ஒலிப்பதிவுக் கருவியில் ஒலியலையைக் கண்ணாற் காணும் இக்காலத்து மாணவனுக்கு இவ்வியலினும் பொருத்தமான பாடம் வேறில்லை. ஆயினும் வானொலிப் பயிற்சிப் பாடத்திட்டத்தில் பிறப்பியலுக்கு இடம் கொடுத்த கல்லூரிகளைத் தேடித்தான் காணவேண்டும்.

தாளில் எழுதும்போது எழுத்துத் துணைநிற்கும். வானொலியில் ஒலியன்றி வேறு துணையில்லை. வாழை என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாளை என்றால், கடற்கரையில் கேட்பவர்க்கு மரம் மீனாகிவிடும். பணி பனியாகும், அறை அரையாகும், தழை தலையாகும். ஒற்று மிகும் இடத்திலும் மிகா இடத்திலும் கவனம் இன்றேல் இதே நிலைதான். ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்கின்றான்; ‘வேலைக் கொடு’ என்றால் படைக்கருவி கேட்கின்றான். ழகரம் வாராத அறிவிப்பாளர் இன்று எங்கும் பெருகியுள்ளனர். ழகரம் பிறவியில் எவர்க்கும் மறுக்கப்பட்டதன்று. அது பயிற்சியால் வருவது. நாள்தோறும் கால்மணி நேரம் வாய்விட்டுப் படித்து, பதிவு செய்து, தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் மாணவனுக்கு ஒரு பருவத்திற்குள் அது கைவரும்.

நேரமும் இசையும் எஞ்சிய இரண்டு. அரைமணி என்றால் 1800 நொடி. ஒவ்வொரு கூறும் எத்தனை நொடி என்பதை முன்னரே நிரலில் எழுதுதல் வேண்டும். இன்றேல், தொடக்கத்தில் வீண்பேச்சு நீண்டு, இறுதியில் மருத்துவரோ உழவரோ சொல்ல வந்த பயனுள்ள செய்தி அரைகுறையாக அறுபடும். பின்னணி இசை பேச்சைத் தாங்குவதற்கேயன்றி மூழ்கடிப்பதற்கன்று. ஒலிப்பதிவுக் கூடத்தின் அமைதியில் நன்றாகக் கேட்கும் பேச்சு, தையற்பொறியின் ஓசைக்கும் தெருவின் இரைச்சலுக்கும் நடுவே சிறு பெட்டியில் எவ்வாறு கேட்கும் என்று சோதித்துப் பார்த்தபின்னரே தொகுப்பை முடித்தல் வேண்டும்.

இங்கே மூன்று தடைகளை எழுப்புவோர் உண்டு. இளைஞர்க்குக் கலப்புமொழியே பிடிக்கின்றது என்பது முதற்றடை. பிடிப்பதெல்லாம் வழங்குவது வணிகரின் வேலை, பல்கலைக்கழகத்தின் வேலையன்று. அன்றியும் இக்கூற்று உண்மையும் அன்று. கொழும்பில் 1925இல் தொடங்கிய வானொலி பிற்காலத்தில் தமிழ்ப்பணியிற் சிறந்தபோது, அதன் அறிவிப்பாளர்களின் தெளிந்த தமிழைக் கேட்பதற்கென்றே கடலுக்கு இப்பால் தமிழ்நாட்டிலும் எண்ணற்றோர் பெட்டியைத் திருகிக் காத்திருந்தனர். அங்கும் திரைப்பாடல் இருந்தது, துள்ளலும் இருந்தது, விரைவும் இருந்தது. ஆயினும் ழகரமும் இருந்தது. கொழும்பிலும் இலண்டனிலும் ஒலிபரப்புப் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலையே தமிழில் எழுதினார். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவரும் அவரே. 1941இல் தொடங்கிய அவ்வொலிபரப்பு 2017இல் வானொலியில் நின்றுவிட்டபோதும், அப்பெயர் கேட்டோர் நெஞ்சில் நிற்கின்றது. நல்ல தமிழ் கேட்பாரைத் துரத்தும் என்பது வரலாறு அறியாதார் கூற்று.

அறிவியற் செய்திகளுக்குத் தமிழிற் சொல்லில்லை என்பது இரண்டாந்தடை. ‘வானொலி’ என்னும் சொல்லே இதற்கு விடையாகும். அதுவும் ஒருகாலத்தில் புதுச்சொல்லே. நாவிற் பழகியதால் இன்று பாட்டியும் பேத்தியும் ஒருங்கே சொல்கின்றனர். அச்சொல் தமிழரிடம் எத்துணை வேரூன்றியது என்பது, 2023 மே திங்களில் அனைத்திந்திய வானொலியின் பெயராக ‘ஆகாசவாணி’யையே வழங்கவேண்டும் என்று ஆணை வந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பால் விளங்கும். ஆணையை எதிர்த்து முழங்குவது ஒருபுறமிருக்க, கையிலிருக்கும் அலைவரிசையில் ‘ரேடியோ ஷோ’ என்று தாமே சொல்லிக்கொள்வோர்க்கு அம்முழக்கத்திற்கு என்ன தகுதி? தில்லியிலிருந்து வருவது மட்டுந்தான் திணிப்பா? தன் நாவிலிருந்து வருவதும் திணிப்பேயாகும்.

தனித்தமிழ் பொதுமக்களுக்கு விளங்காது என்பது மூன்றாந்தடை. இதில் ஒரு சிறுகூறு உண்மையுண்டு. அதைத் தமிழ்ப்பற்றாளர் ஒளிவின்றி ஏற்றல் வேண்டும். மூச்சுக்கொரு புதுச்சொல்லாக, பொருள் விளக்காமல் அடுக்கிச் செல்லும் உரை, ஆங்கிலக் கலப்புரையைப் போன்றே கேட்பவரைப் புறத்தே நிறுத்திவிடும். மொழிப்பற்றைக் காட்டுவதற்கு ஒலிவாங்கி கொடுக்கப்படவில்லை. மொழியைப் பயன்படுத்துவதற்குக் கொடுக்கப்பட்டது. புதுச்சொல் ஒன்றை முதன்முறை வழங்கும்போது அதன் பொருளை ஒரு சிறு தொடரால் விளக்குக. பின்னர் அதனையே மாறாது வழங்குக. ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று புதுச்சொற்கள் போதும். எஞ்சியவற்றிற்கு ஊரார் வழக்கிலேயே தமிழ் உண்டு. தேடுவாரே இல்லை. திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தது வெறுமனே அன்று. அவையறியாத சொல்வன்மை வீணாகும் என்பதை வானொலிக்காரர் ஏனையோரினும் நன்கு உணர்தல் வேண்டும்.

குறை கூறி ஒழிவதிற் பயனில்லை. மதிப்பீட்டு முறையே மாறுதல் வேண்டும். மாணவன் எதற்கு மதிப்பெண் உண்டோ அதற்கே உழைப்பான். அது அவன் குற்றமன்று. 100 மதிப்பெண்ணில், வட்டாரத் தலைப்புக்கும் களத்தில் நேரிற் கேட்டறிந்த உழைப்புக்கும் 20, உரைப்படியின் தெளிவுக்கும் அயற்சொல் கலவாமைக்கும் 20, பிழையற்ற பலுக்கலுக்கு 20, ஊரார் குரலுக்கு உரிய இடம் தந்தமைக்கு 15, ஒலிப்பதிவுக்கும் தொகுப்புக்கும் 15, நேர ஒழுங்கிற்கு 10 என வகுக்கலாம். கருவித்திறனுக்கு அள்ளிக்கொடுத்து மொழிக்குக் கிள்ளிக்கொடுக்கும் முறை ஒழிதல் வேண்டும். மதிப்பிடும் குழுவில் தமிழாசிரியர் ஒருவரைக் கட்டாயம் சேர்த்தல் வேண்டும்.

இவற்றினும் மேலாக ஒரு செவித்தேர்வு வேண்டும். நிகழ்ச்சியை மதிப்பீட்டாளர் கேட்பதற்கு முன், கல்லூரியைச் சூழ வாழும் பொதுமக்கள் பத்துப் பேரை அமர்த்தி ஒருமுறை ஒலிக்கச் செய்க. முடிந்தபின் ஒவ்வொருவரையும், “என்ன கேட்டீர்கள்? நாளை இதில் எதைச் செய்வீர்கள்?” என்று வினவுக. பதின்மருள் எழுவரேனும் செய்தியைத் தம் சொல்லால் திருப்பிச் சொன்னால் நிகழ்ச்சி தேறியது. சொல்ல இயலாவிடின், ஒலிப்பதிவு எத்துணைத் துல்லியமாயினும் உரைப்படியை மீண்டும் எழுதுக. இதற்குப் பெரும்பொருட் செலவில்லை. ஒரு மாலைப்பொழுதும் சிறிது பணிவும் போதும்.

மூன்று திங்கள் காத்துவைத்தபின் பதிவுகளை அழித்துவிடுவதும் பெருங்கேடு. நல்ல நேர்காணல்களை நூலகத்தில் நிலையாகச் சேமித்தல் வேண்டும். மீனவர் காற்றுப்பெயர்களும், உழவர் நீர்ப்பெயர்களும், நெசவாளர் தறிச்சொற்களும் அவர்தம் குரலிலேயே அங்கே இருக்கும். அகரமுதலி தொகுப்பார்க்கும் வருங்கால மாணவர்க்கும் அவை கிடைத்தற்கரிய கருவூலமாகும். இன்று எண்பது அகவை கடந்த ஒருவர் மறைந்தால் அவரொடு எத்தனை சொற்கள் மறைகின்றனவோ! தேர்வுக்கென்று செய்த அரைமணி அச்சொற்களைக் காக்குமாயின், அதுவன்றோ பட்டத்தினும் பெரிய பயன்!

சென்னையில் 1924இல் வானொலிக் கழகம் அமைத்து ஒலிபரப்பத் தொடங்கியவர்கள் அரசினர் அல்லர், ஆர்வலர்களே. பணமின்றி 1927இல் அது நின்றது. 1930இல் சென்னை மாநகராட்சி அதனை ஏற்று நடத்தியது. 1938இல்தான் நடுவணரசின் நிலையம் வந்தது. பாம்பனில் 2016இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ மீனவர்க்கெனவே ஒலிக்கின்றது. மக்களால் தொடங்கி மக்களுக்கு ஒலிக்கும் வானொலி தமிழ்மண்ணுக்குப் புதிதன்று. அவ்வழியில் வந்து நிற்கும் இன்றைய மாணவன், சிவப்பு விளக்கு எரிந்தவுடன் ஒலிவாங்கியின் முன் யாரை எண்ணிப் பேசுகின்றான் என்பதே வினா. மதிப்பெண் பட்டியலோடு அமர்ந்திருக்கும் ஒருவரையா? அடுப்படியில் ஒரு செவியை மட்டும் வானொலிக்குக் கொடுத்திருக்கும் தாயையா? தாயை எண்ணிப் பேசுபவன் வாயில் தாய்மொழி தானே வரும். மாணவர் அவ்வாறு பேசுக! ஆசிரியர் அதற்கு மதிப்பெண் இடுக!